எந்த ஊர்க் காவேரி?

நல்லவள்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக அதைச் சொல்ல எனக்கு மனசு வராது.

பேரை எழுதப் போவதில்லை. எழுதினால், இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ அங்கிருந்தே படித்துவிட்டு, "ரீட்டாக்கா, இது எங்கேருந்து வந்துச்சு?" என்று மெசேஜ் அனுப்புவாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும், யாரென்று புரிந்துவிடும். எதைப் பார்த்தாலும் அவளுக்கு அந்தக் கேள்விதான். எங்கேருந்து வருது? பதில் கிடைத்ததும் தலையை ஆட்டி, "அப்ப சரி" என்பாள். முடிந்தது. அதற்கு மேல் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது.

எங்கள் ஆபீஸ் தில்லைநகரில், ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல் மாடியில் இருந்தது. கிளினிக்குகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் பில் போடுகிற மென்பொருள் செய்து கொடுப்பது எங்கள் தொழில். நான் பொன்மலையிலிருந்து ஸ்கூட்டரில் வருவேன். பின்சீட்டில் என் வீட்டுக்காரர். ஆமாம், நான்தான் ஓட்டுவேன். அவர் ஓட்டினால் ஜங்ஷன் வருவதற்குள் ஆபீஸ் ஆரம்பித்துவிடும். ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, வேறு வேறு டீம். அவள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாறி வருவாள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அந்த பஸ் கண்டக்டரின் சொந்த ஊர் துறையூர் என்பதும், அவர் கையிலிருக்கும் விசில் அவருக்கு யார் கொடுத்தது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் திருச்சியிலேயே பிறந்து வளர்ந்தவள். எனக்கு ஒரு கண்டக்டரின் முகம்கூட ஞாபகமில்லை.

அவள் வந்த முதல் நாள் மதியம் நான் மீன் குழம்பு கொண்டுபோயிருந்தேன். அவள் மீன் சாப்பிடாதவள். சாப்பிடாதவளுக்கு அதில் என்ன வந்தது? டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இந்த மீன் எங்கேருந்து வருது?"

"மார்க்கெட்லேருந்து."

"மார்க்கெட்டுக்கு?"

"எனக்கென்னம்மா தெரியும்? வெட்டிக் குடுத்தாங்க, வாங்கிட்டு வந்தேன்."

உடனே எங்க வீட்டுக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு, "இது நாகப்பட்டினத்துலேருந்து வர்றதுங்க. விடியக்காலைல வேன்ல வந்து எறங்கும். ஐஸ் போட்டுதான் வரும், ஆனா பாருங்க..." என்று ஆரம்பித்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனுஷன். உப்பு கம்மி என்பதைத் தவிர மீனைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்கிறாள், இவர் கடலுக்குள்ளேயே இறங்கிவிட்டார். அன்றைக்கே எனக்கு லேசாக எரிய ஆரம்பித்தது.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி எரிச்சலும் புரியும். மென்பொருளை யாரும் முழுக்கத் தாங்களே எழுதுவதில்லை. தேதி கணக்கிட ஒன்று, பிரிண்ட் எடுக்க ஒன்று என்று யார் யாரோ எழுதி வைத்த துண்டுகளை எடுத்துச் சேர்த்துக்கொள்வோம். அந்தத் துண்டுக்குப் பேர் பேக்கேஜ். பேக்கேஜ்களை அடுக்கி வைத்திருக்கும் கிடங்குக்குப் பேர் ரெப்போ. வெளியே உலகத்துக்கே பொதுவாகப் பெரிய ரெப்போ உண்டு; யார் வேண்டுமானாலும் போடலாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆபீஸுக்குள் எங்களுக்கென்று ஒரு ரெப்போ உண்டு. நாங்கள் எழுதியதும், வெளியிலிருந்து எடுத்துச் சோதித்துப் பார்த்ததும் மட்டும் அதில் இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், ஒரு பேக்கேஜைக் கூப்பிட்டால் அது தனியாக வராது. கல்யாணத்துக்கு ஒருத்தரை அழைத்தால் மச்சான், மச்சானுடைய மச்சான் என்று ஒரு வேன் ஆளே வந்து இறங்குவதில்லையா, அப்படித் தனக்கு வேண்டியதையெல்லாம் கூட்டிக்கொண்டு வரும். அதில் ரெண்டு பேக்கேஜுக்கு ஒரே மூன்றாவது பேக்கேஜ் தேவைப்படும். ஒன்று அதன் பழைய வெர்ஷன்தான் வேண்டும் என்னும், இன்னொன்று புதுசு இல்லாமல் நகர மாட்டேன் என்னும். அங்கே பில்ட் நின்றுவிடும். எல்லாத் துண்டையும் ஒன்றாக ஒட்டி ஓட வைப்பதைத்தான் பில்ட் என்போம். நின்றால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

அப்படி நின்றால் எல்லாரும் என் சீட்டுக்குத்தான் வருவார்கள். நான் கீபோர்டைப் பிடுங்கி, "யாருய்யா இதையெல்லாம் உள்ள விட்டது?" என்று நாலு திட்டுத் திட்டிவிட்டு, இந்த வெர்ஷன்தான், வேறு பேச்சே இல்லை என்று ஏதாவது ஒன்றைப் பூட்டிவிடுவேன். பில்ட் ஓடும். அடுத்த வாரம் வேறு இடத்தில் முட்டிக்கொள்ளும். மறுபடி வருவார்கள், மறுபடி திட்டுவேன், மறுபடி பூட்டுவேன். எனக்கு அது பிடித்திருந்தது. ஏன் மறைக்க வேண்டும்? நான் லீவு போட்டால் போன் மேல் போன் வரும். அம்மா வீட்டில் எல்லார் எதிரிலும் போனை எடுத்து, "நான் இல்லாம உங்களுக்கு ஒண்ணும் ஓடாதே" என்று சலித்துக்கொள்வதில் இருக்கிற சுகம் இருக்கிறதே, அது தனி.

அவள் வந்து அதில் மண்ணைப் போட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. செய்திருந்தால் பரவாயில்லை.

பில்ட் நின்றால் அவள் கீபோர்டைத் தொட மாட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பழைய பிரிண்ட் தாளின் பின்பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பாள். "இது எங்கேருந்து வருது?" இன்னொரு புள்ளி, நடுவே ஒரு கோடு. "சரி, அது எங்கேருந்து வருது?" இப்படியே தாள் நிறைந்துவிடும். நான் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் புள்ளி வைத்துக்கொண்டுதான் இருப்பாள். கடைசியில், அந்தத் தகராறு பிடித்த பேக்கேஜைக் கூட்டி வந்தது எப்போதோ யாரோ சேர்த்து, இப்போது ஒருத்தருமே பயன்படுத்தாத ஏதோ ஒன்று என்று தெரியவரும். அதை எடுத்துவிடுவாள். சண்டை போட்ட ரெண்டும் சமாதானமாகிவிடும். என்னுடைய ரெண்டு நிமிஷ வேலைக்கு அவளுக்கு அரை நாள் ஆகும். ஆனால் அந்தச் சண்டை திரும்பி வராது. திரும்பி வராததுதான் எனக்கு வினை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் அடுத்த முறை தானே ஒரு தாளை எடுத்துப் புள்ளி வைக்க ஆரம்பித்தான். என் சீட்டுக்கு வருகிற கூட்டம் மெல்லக் குறைந்தது.

எரிச்சல் தாங்காமல் ஒரு நாள் டீ குடிக்கிற இடத்தில் சொல்லிவிட்டேன். "அவ எங்க வேலை பாக்குறா? உக்காந்து கோலம் போடுறா."

நம் ஆபீஸ் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே. சாயங்காலத்துக்குள் அது அவள் காதுக்குப் போய்விட்டது. நேராக என் சீட்டுக்கு வந்தாள். சுற்றியிருந்த நாற்காலிகள் எல்லாம் சத்தமில்லாமல் எங்கள் பக்கம் திரும்பின.

"அக்கா, நான் கோலம் போடுறேன்னு ஒரு பேச்சு வந்துச்சு. உங்ககிட்டேருந்துதான் வந்துச்சா?"

நானும் சளைத்தவளா? "ஆமா, நான்தான் சொன்னேன். இப்ப என்ன?"

"சொன்னது அவ்வளவுதானா? நடுவுல யாரும் சேர்த்துச் சொல்லலயே?"

"அவ்வளவுதான்."

"அப்ப சரி," என்று போய்விட்டாள். நான் சண்டைக்குத் தயாராக இடுப்பில் சொருகிய துப்பட்டாவை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் எனக்கும் சேர்த்து ஸ்ரீரங்கத்திலிருந்து கதம்பம் வாங்கி வந்திருந்தாள். "கோயில் வாசல்ல வாங்குனதுக்கா. பூ வர்றது திருவானைக்காவல் தாண்டி ஒரு தோட்டத்துலேருந்து," என்றாள். கேட்டேனா நான்? வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். நல்ல வாசனை. அதற்கும் கோபம் வந்தது.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது, ஒருத்தி மேல் பொறாமையாக இருக்கிறது ஃபாதர் என்றேன். அவர் சாவகாசமாக, "எங்கேருந்தும்மா வருது இந்தப் பொறாமை?" என்று கேட்டார். கோயிலுக்குள்ளும் வந்துவிட்டாளா என்று எழுந்து ஓடலாம் போல இருந்தது.

எங்கேருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமலா? எங்க வீட்டுக்காரரிடமிருந்து வந்தது. அவர் டீமில் எது நின்றாலும் முன்பு என்னிடம்தான் வருவார். வந்து திட்டு வாங்கிக்கொண்டு போவார். அவள் வந்த பிறகு அவருடைய நாற்காலி எப்போது பார்த்தாலும் அவள் மேஜையோரம் கிடந்தது. வீட்டில் கேட்டேன்.

"என்கிட்ட கேட்டா என்னவாம்?"

"நீ பிசியா இருந்தியே ரீட்டா."

"நானா? ஆளே வராம நான் ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன்!"

அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். ஒன்று சொல்லிவிடுகிறேன், தப்பாக எதுவும் என் மனசில் இல்லை. அந்த மாதிரி சந்தேகம் வந்திருந்தால் நிம்மதியாக ஒரு பெரிய சண்டை போட்டு முடித்திருப்பேன். இவர் அவளிடம் போய்ச் சிரித்துப் பேசினதுகூட இல்லை. சும்மா உட்கார்ந்து, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதை என்னிடம் அவர் சொன்னதே கிடையாது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் எம்.டி. புதுசாக ஒரு பதவி வரப்போவதாகச் சொன்னார். மூன்று டீமுக்கும் பொதுவாக ஒரு ஆள். எந்த பேக்கேஜ் உள்ளே வரலாம், எது வரக்கூடாது, எந்த ரெப்போவிலிருந்து எடுக்கலாம் என்பதெல்லாம் அந்த ஆள் கையில். தனி அறை, கண்ணாடிக் கதவு. அவள் வருவதற்கு முன்னால் என்றால் அது யாருக்கு என்று கேட்கவே வேண்டியதில்லை. இப்போது எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவளையும் ஒரு பார்வை பார்த்தார்கள். எனக்கு அந்தக் கண்ணாடிக் கதவு வேண்டும். அவ்வளவு ஆசையாக வேறெதையும் நான் அந்த ஆபீஸில் விரும்பியதில்லை.

என் பக்கம் காவேரி இருக்கிறதே என்ற தைரியம் எனக்கு. காவேரி என்பது நான் எழுதிய பேக்கேஜ். வரி சேர்த்து, தள்ளுபடி கழித்து, சில்லறையைச் சரிக்கட்டி பில் தொகையைக் கணக்கிடும். மூன்று டீமுமே அதன் மேல்தான் நின்றது. பேர் வைக்க நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. திருச்சியில் யார்தான் யோசிப்பார்கள்? பேக்கரிக்குக் காவேரி, லாட்ஜுக்குக் காவேரி, மெடிக்கல் ஷாப்புக்குக் காவேரி, எங்கள் தெருவில் ஒரு பசுமாட்டுக்கே காவேரி. நானும் வைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் மூன்று டீமிலிருந்தும் புது பில்ட் வெளியே போனது. கிளினிக்குகள் கதவைத் திறந்த நேரம் எங்கள் போன்கள் எல்லாம் அடிக்க ஆரம்பித்தன. பில் வரவில்லை. எந்தக் கிளினிக்கிலும் வரவில்லை. "ஆளுங்க வரிசைல நிக்கிறாங்க, கையால எழுதிக் குடுக்குறோம்" என்று ஒரு டாக்டரம்மா கத்தினார். சிவப்பு எழுத்தில் ஒரே பேர் திரும்பத் திரும்ப வந்தது. காவேரி, காவேரி, காவேரி.

எம்.டி. அறையிலிருந்து வெளியே வந்தார். "காவேரி யாரோடது?"

அவருக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"சத்தியமா நான் தொடவே இல்ல சார்," என்றேன். "பல மாசமா அதத் தொறந்தே பாக்கல."

"தொடாம எப்படிம்மா விழும்?"

கண்ணாடிக் கதவு அப்படியே மூடிக்கொள்வது தெரிந்தது. வரி வரியாகப் படித்துப் பார்க்கிறேன், எதுவும் மண்டையில் ஏறவில்லை. வாய் மட்டும் யாரையோ திட்டிக்கொண்டே இருந்தது. அப்போது அவள் வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். வேண்டாம், நீ மட்டும் வராதே என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"அக்கா, இந்தக் காவேரி எங்கேருந்து வருது?"

"எங்கேருந்து வரும்? நம்ம ரெப்போலேருந்துதான். வேற எங்க இருக்கு காவேரி?"

"பாப்போம்க்கா."

பில்ட் நடக்கும்போது எந்தத் துண்டு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று, துண்டுகளைத் தேடி எடுத்து வரும் கருவி வரிசையாக எழுதி வைக்கும். யாரும் படிப்பதில்லை. அவள் படித்தாள். காவேரி வந்த முகவரி எங்களுடையது இல்லை. வெளியே இருக்கிற பொது ரெப்போவின் முகவரி. வெர்ஷன் நம்பரும் என்னுடையதைவிட எவ்வளவோ பெரிது.

"எந்த ஊர்க் காவேரிக்கா இது?" என்று அவளே சிரித்துவிட்டாள்.

யாரோ ஒருவர், பயிருக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று கணக்கிட எழுதி, காவேரி என்று பேர் வைத்து வெளியே போட்டிருந்தார். குடகுப் பக்கத்து ஆள். அவரும் யோசித்திருக்க மாட்டார், பாவம். ரெண்டு ரெப்போவிலும் ஒரே பேர் இருந்தால் எங்கள் கருவி நம்பர் பெரிதாக இருப்பதை எடுத்துக்கொள்ளும். எங்கள் பில் எல்லாம் அந்த மனுஷனிடம் போய் மாத்திரைக்கு விலை கேட்டு நின்றிருக்கிறது.

"நம்ம ஆபீஸ்லயும் காவேரித் தகராறா!" என்றார் எம்.டி. சிரிப்பு எழுந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தவள் அவள் என்பது மட்டும் முள்ளாகக் குத்தியது. வேறு யார் காப்பாற்றியிருந்தாலும் கட்டிப்பிடித்திருப்பேன்.

"சரி, நம்ம கருவி நம்ம ரெப்போல மட்டும்தானே தேடணும்? வெளிய ஏன் போச்சு?" என்று கேட்டார் எம்.டி.

மூன்று டீமுக்கும் பொதுவான அமைப்புக் கோப்பு ஒன்று உண்டு. அதை அவள் திறந்தாள். யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள். வெளியேயும் தேடு என்று. உள்ளே இன்னும் வந்து சேராத ஏதோ பேக்கேஜ் அவசரமாகத் தேவைப்பட்டிருக்கிறது, அதற்காகப் போட்ட வரி. அது என்றைக்குச் சேர்ந்தது என்று பார்க்க அவள் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால்தான் நின்றேன். வரிக்குப் பக்கத்தில் பேர் இருந்தது.

எங்க வீட்டுக்காரர் பேர்.

அவள் அந்தப் பக்கத்தை மூடினாள். "முதல்ல பில் ஓடட்டும் சார்," என்றாள். வரியை எடுத்தோம். பில்ட் போட்டோம். கொஞ்ச நேரத்தில் போன்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

மதியம் எல்லாரையும் மீட்டிங் அறையில் உட்கார வைத்தார் எம்.டி. "அந்த வரி யாரு போட்டது? இப்பச் சொல்லுங்க," என்று அவளைப் பார்த்தார்.

"அத நான் சொல்றது சரியா இருக்காது சார்."

அறையே ஆச்சரியப்பட்டது. எம்.டி.க்கு முகம் மாறியது. "பாருங்கம்மா, நான் இன்னிக்கு அந்தப் பதவிக்கு ஆள் சொல்லலாம்னு இருந்தேன். எது எங்கேருந்து வருதுன்னு ஊரையே கேக்குற ஆளு நீங்க. இத மட்டும் மறைச்சா நான் எப்படி உங்கள நம்பி எல்லாத்தையும் குடுக்குறது?"

அவள் பேனாவின் மூடியைப் போட்டாள், எடுத்தாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். போட்டிக்கு நின்றவள் தானாக விலகிக்கொண்டிருக்கிறாள், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். அதற்கும் மேலே, அவள் மறைப்பது என் புருஷனுக்காக. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டு ஆளைக் காப்பாற்ற இவள் யார்? அவருக்கும் இவளுக்கும் நடுவில் எனக்குத் தெரியாமல் ஒரு ரகசியமா? நாளைக்கு நான் அவருக்குச் சோறு போடும்போதெல்லாம் இவள் செய்த உபகாரமும் சேர்ந்து தட்டில் விழுமா?

"என் வீட்டுக்காரர்தான் சார் போட்டது," என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

எங்க வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "ஆமா சார், நான்தான். வெள்ளிக்கிழமை ஒரு அவசரத்துக்குப் போட்டேன், எடுக்க மறந்துட்டேன். இவங்ககிட்ட காலைலயே சொல்லிட்டேன்," என்று அவளைக் காட்டினார்.

காலையிலேயே சொல்லியிருக்கிறார். அவளிடம்.

எம்.டி. அவரைக் கொஞ்ச நேரம் காய்ச்சி எடுத்தார். இனிமேல் அந்தக் கோப்பைத் தனியாக யாரும் தொடக்கூடாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "புருஷன்னும் பாக்காம உள்ளதச் சொன்னீங்க பாருங்க, இந்த மனசுதான் அந்த சீட்டுக்கு வேணும்" என்று எல்லார் முன்னாலும் அறிவித்துவிட்டார். கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். வெளியே வரும்போது என் கையைப் பிடித்து, "சந்தோஷம்க்கா" என்றாள். அவள் முகத்தில் எங்காவது ஒரு மூலையில் கொஞ்சமாவது எரிச்சல் தெரிகிறதா என்று பார்த்தேன். ஒரு பொட்டு இல்லை. அவள் அதன் பிறகும் சில மாதம் எங்களோடு இருந்து, பிறகு வேறு ஊருக்குப் போனாள். கடைசி நாள் வரை காவேரி என்ற பேரை மாற்ற விடவில்லை. "அவங்க ஆசையா வச்ச பேரு, எங்கேருந்து எடுக்கணும்னு கருவிக்குச் சொல்லிட்டாப் போதும்" என்று எனக்காக வாதாடினாள். சொன்னேனே, நல்லவள்.

அன்று சாயங்காலம் வண்டியை எடுத்தேன். அவர் பின்னால் ஏறினார். ஹெட் போஸ்ட் ஆபீஸ் சிக்னல் வந்தது. சிவப்பு விழுந்தது.

"காலைல எல்லாரும் என்னையே பாத்தாங்களே, அப்ப நீங்க எங்க நின்னீங்க?" என்று கேட்டேன், திரும்பிப் பார்க்காமல்.

"பிரிண்டர் பக்கத்துல."

"வாயத் தொறக்கணும்னு தோணலயா?"

"தோணுச்சு."

"அவகிட்ட மட்டும் தோணுச்சாக்கும்."

"நான் போட்ட வரியாலதான் இருக்குமோன்னு, அவங்க உன் சீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட சொன்னேன். அவங்க அப்பவே சொன்னாங்க ரீட்டா. காவேரி அக்காவோடது, பேரு அவங்களுக்குத்தான் கெடுது, முதல்ல அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க, நீங்க சொல்ற வரைக்கும் நான் யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு. நான் உன் சீட்டு வரைக்கும் வந்தேன்."

"வந்து?"

"நீ ஸ்கிரீனப் பாத்து, எந்தப் பாவி பண்ணானோன்னு திட்டிக்கிட்டு இருந்த. அப்படியே திரும்பிட்டேன்."

"என்னைப் பாத்தா பயமா?"

"ம்."

"அவகிட்ட சொல்றப்ப பயமா இல்லையா?"

"இல்லையே," என்றார். ஒரு நொடியாவது யோசித்துச் சொல்லியிருக்கலாம், பாவி மனுஷன்.